அறைக்கு எத்தனை டன் ஏசி? செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஏசி மாட்டிக் கொடுப்பது என் தொழில். பங்குனி பாதியிலேயே போன் வர ஆரம்பித்துவிடும், கத்திரி வெயில் முடியும்வரை ஓயாது. கேட்கிறவர்கள் வேறு வேறு, சந்தேகங்கள் மட்டும் அதேதான். கடைகளில் ஒட்டியிருக்கும் சதுர அடிப் பட்டியல் நகரத்து அடுக்குமாடி வீட்டை மனதில் வைத்துப் போட்டது. வளவு என்கிற திறந்த முற்றத்தை நடுவில் வைத்துக் கட்டிய நம் பக்கத்து வளவு வீட்டுக்கும், வெட்டவெளியில் நிற்கும் புது மாடி வீட்டுக்கும் அதை அப்படியே பிடித்துக்கொண்டால் பணம் வீணாகும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"அண்ணே, டன் டன்னு சொல்றீகளே, அது ஏசியோட எடையா?"

எடை இல்லை. அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை இழுத்து வெளியே தள்ளும் என்கிற அளவு. ஏசி வருவதற்கு முன்பு ஐஸ் கட்டியை வைத்துத்தான் குளிரூட்டினார்கள். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளுமோ, அந்த வேகத்துக்குத்தான் ஒரு டன் என்று பெயர். கணக்கில் மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கிற ஓர் அலகு), அதாவது சுமார் 3,500 வாட்.

இந்த 3,500 வாட்டைப் பார்த்துவிட்டு "இவ்வளவு கரண்டா இழுக்கும்?" என்று பயப்படுகிறார்கள். அது வெளியே தள்ளும் வெப்பத்தின் அளவு. ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது இழுக்கிற மின்சாரம் ஏறக்குறைய 1,000 வாட்தான்.

"பத்துக்குப் பன்னிரண்டு ரூம். ஒரு டன் போதுமா?"

நாலு விஷயம் சரியாக இருந்தால் போதும்: சீலிங் பத்தடி உயரம், தலைக்கு மேல் இன்னொரு மாடி, ஜன்னலில் நேர் வெயில் இல்லை, படுப்பது இரண்டு மூன்று பேர். அப்படிப்பட்ட அறைக்கு 120 சதுர அடி வரை ஒரு டன், 180 வரை 1.5 டன், 240 வரை 2 டன் என்று வைத்துக்கொள்ளலாம். 90 சதுர அடிக்கும் குறைவான சின்ன அறைக்கு 0.8 டன்னே தாங்கும்.

அளக்கும்போது உள்சுவரிலிருந்து உள்சுவருக்கு அளவு எடுங்கள். கதவு போட்ட பாத்ரூமைச் சேர்க்க வேண்டாம். அறையோடு திறந்தே கிடக்கிற டிரெஸ்ஸிங் இடம் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்குதான் அடிப்படை. இது எங்கெல்லாம் பொய்த்துப்போகும் என்பதுதான் இனி வருகிற கேள்விகள்.

"அதே அளவு ரூம்தான். கீழ குளிருது, மாடியில குளிரலை. ஏசி கோளாறா?"

பெரும்பாலும் ஏசியில் கோளாறு இருக்காது, மேலே இருக்கிற தளம்தான் காரணம். நாலைந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கி, சாயங்காலத்துக்கு மேல் அதை உள்ளே விடும். ஏணியில் ஏறி இன்டோர் யூனிட் மாட்டும்போது பொழுது சாய்ந்த பிறகு சீலிங்கில் கையை வைத்துப் பார்ப்பேன். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரம் போல இதமான சூடு கையில் ஏறும். நீங்கள் படுக்கப் போகும் ஒன்பது, பத்து மணிக்குத்தான் அது முழுமூச்சாக உள்ளே இறங்குகிறது. அதனால் மேலே வெறும் மொட்டை மாடி என்றால் முந்தைய பதிலில் சொன்ன கணக்கோடு அரை டன் கூட்டிக்கொள்ளுங்கள். 120 சதுர அடிக்கு 1.5 டன்.

ஆனால் அரை டன் கூட்டுவதற்கு முன் மாடித் தளத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசியுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். சுண்ணாம்பு அடித்தாலே சூடு குறைவது தெரியும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட், வெள்ளைக் கூலிங் டைல்ஸ் எல்லாம் இன்னும் நன்றாக உழைக்கும். சுண்ணாம்பை வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பெரிய ஏசி வாங்கினால் அதற்கு மாதா மாதம் கரண்டு கட்ட வேண்டும். வெள்ளையடித்த தளம் ஏசி இல்லாத பகலிலும் உதவுகிறது.

பழைய வீடுகளில் தேக்கு விட்டத்தின் மேல் செங்கல் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் இருக்கும். அது கனம் கூடியது, வெறும் கான்கிரீட் அளவுக்குச் சுடாது. அதற்கு அரை டன் முழுசாகக் கூட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

"எங்க வளவு வீட்டு அறை எட்டுக்குப் பத்துதான். ஆனா உயரம் பதினாலு அடி. ரெண்டு டன் போடணுங்கிறாக, நெசமா?"

தேவையில்லை. உயரம் கூடினால் காற்று கூடும், அதனால் டன்னும் கூட வேண்டும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் காற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டுக்குப் பத்து அறையில் பத்தடிக்கு மேல் இருக்கிற அந்த நாலடி உயரக் காற்று 320 கன அடி, எடையில் பத்துப் பதினோரு கிலோ. அதைப் பத்து டிகிரி இறக்க ஒரு டன் ஏசிக்கு அரை நிமிட வேலை. அறை முழுக்க உள்ள காற்றையும் சேர்த்தால்கூட இரண்டு நிமிடம்தான்.

வேலை வைப்பது சுவர். ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்தில் செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் நாலு பக்கமும் பத்தாயிரம் கிலோவுக்கு மேல் எடை வரும். அது வாங்கி வைத்திருக்கிற சூட்டை இறக்கத்தான் நேரம் பிடிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து முதல் நாள் ஏசி போட்டால் மூன்று நாலு மணி நேரம் ஆகியும் அறை அடங்காது. "டன் பத்தவில்லை" என்று அப்போதுதான் போன் வரும். தினமும் போடுகிற வீட்டில் அதே ஒரு டன் சமர்த்தாக ஓடும், ஏனென்றால் சுவர் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். ஊருக்கு வருகிற அன்று சாயங்காலமே ஓடவிட்டுவிடுங்கள். எட்டுக்குப் பத்து வளவு அறைக்கு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்துக்கொள்கிற ரகம்) நிறைவாகப் போதும்.

உயரமான அறையில் நான் பிடிவாதமாக இருக்கிற ஒரு விஷயம், இன்டோர் யூனிட்டை எங்கே மாட்டுவது என்பது. சுவர் இருக்கிறதே என்று பன்னிரண்டு அடியில் மாட்டச் சொல்வார்கள். குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும், நீங்கள் இருப்பதும் கீழேதான். ஏழரை, எட்டு அடியில் மாட்டினால் மேலே உள்ள சூட்டை மேலேயே விட்டுவிட்டு உங்களைச் சுற்றி மட்டும் குளிரும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவவும் ஏணி வேண்டாம். சீலிங் ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள். வேகமாகச் சுற்றினால் மேலே ஒதுங்கியிருக்கிற சூட்டை அது கீழே இறக்கிவிடும்.

"தம்பி, எங்க கதவு அந்தக் காலத்துத் தேக்குக் கதவு. இடுக்கு இருக்கத்தான் செய்யும். அதுக்கும் டன்னுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

நிறைய இருக்கிறது, ஆச்சி. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவு இரண்டும் சேருகிற நடு இடுக்கில் மேலிருந்து கீழாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். புகை எங்கே உள்ளே வளைகிறதோ, அங்கே வெளிக்காற்று வந்துகொண்டிருக்கிறது. அப்படியே நிலைக்கு மேலே உள்ள மரச்சட்டம், சுவரின் உச்சியில் விட்ட காற்றுத் துவாரம், ஜன்னல் பலகை ஆகியவற்றிலும் காட்டிப் பாருங்கள். வெளிக்காற்று சூட்டோடு ஈரத்தையும் கொண்டுவரும். அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே விடுவதிலேயே ஏசியின் உழைப்பில் ஒரு பங்கு போய்விடும். இடுக்குள்ள அறையில் 1.5 டன் செய்கிற வேலையை, அடைத்த அறையில் ஒரு டன் செய்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கதவை இழைக்கவோ, ஆணி அடிக்கவோ வேண்டாம். அந்த மரமும் செதுக்கு வேலையும் திரும்பக் கிடைக்காது. உட்பக்கம் தெரியாதபடி ஒட்டுகிற ரப்பர் பட்டை கடைகளில் கிடைக்கிறது. துவாரத்துக்கு உட்புறமாக அளவெடுத்து அக்ரிலிக் ஷீட் வைத்தால், வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

"பெரிசா போட்டா சீக்கிரம் குளிரும்ல? பேசாம ரெண்டு டன்னே போட்ருங்க."

சீக்கிரம் குளிரும். குளிர்ந்ததும் நின்றுவிடும், அங்கேதான் வினை. ஏசி இரண்டு வேலை செய்கிறது: சூட்டை இறக்குவது ஒன்று, ஈரத்தை வடிப்பது இன்னொன்று. ஈரம் வடிய அது தொடர்ந்து ஓட வேண்டும். சின்ன அறையில் பெரிய ஏசி ஐந்து நிமிடம் ஓடிவிட்டு நிற்கும், மறுபடி ஓடும், நிற்கும். ரிமோட்டில் 24 என்று காட்டும், உடம்பு பிசுபிசுவென்றிருக்கும். இன்னும் குறைத்து 20-இல் வைப்பீர்கள், நடுராத்திரியில் நடுங்கிப் போர்வையைத் தேடுவீர்கள். விலையும் கூடுதல், வயரிங்கும் தடிமனாக வேண்டும், கம்ப்ரசர் அடிக்கடி நின்று கிளம்புவதால் தேய்மானமும் கூடுதல்.

"இன்வெர்ட்டர் ஏசிதான் தானாக் குறைச்சுக்குமே, அப்புறம் என்ன பிரச்சினை?"

பாதி சரி. இன்வெர்ட்டர் ஏசி தேவைக்குத் தக்கபடி கம்ப்ரசர் வேகத்தைக் குறைக்கும். ஆனால் ஓரளவுக்குக் கீழே அதனால் போக முடியாது. அந்த அளவைவிட அறையின் தேவை குறைந்தால், மேலே சொன்ன நின்று நின்று ஓடுகிற கதைதான். ஆகவே அரை டன் கூடிப்போனால் இன்வெர்ட்டர் சமாளிக்கும், ஒரு டன் கூடிப்போனால் சமாளிக்காது. ஒரு டன்னா 1.5-ஆ என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அறைக்கு 1.5 டன் இன்வெர்ட்டரை நான் தயங்காமல் சொல்வேன். 'கன்வெர்ட்டிபிள்' என்று விற்கிறதும் இதே சங்கதிதான், குறைக்கிற பொத்தானை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"ரெண்டுலயும் 1.5 டன்னுன்னு போட்டிருக்கு. ஒண்ணு மட்டும் ஏன் விலை கம்மி?"

ஸ்டார் ஒட்டியிருக்கிற லேபிளில் குளிரூட்டும் திறன் வாட்டில் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். கணக்குப்படி 1.5 டன் என்றால் சுமார் 5,270 வாட். கடையில் 1.5 டன் என்று நிற்கிற பெட்டிகளில் 4,700 வாட்டும் இருக்கும், 5,200 வாட்டும் இருக்கும். மாடி அறைக்கு வாங்குகிறவர்களுக்கு இந்த 500 வாட் பெரிய வித்தியாசம். டன்னைவிட இந்த எண்ணைத்தான் நான் நம்புவேன்.

இன்னொன்று. இந்தத் திறனை வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளக்கிறார்கள். கத்திரியில் நமக்கு 39, 40 வந்துவிடும், வெயில் படுகிற சுவரில் மாட்டிய அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி அதற்கும் மேல் இருக்கும். அப்போது ஏசியின் திறன் குறையும். எனவே 4,700 வாட் பெட்டி அந்த நாட்களில் இன்னும் கீழேதான் நிற்கும். அதே லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்றும் இருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. இரண்டு மாடலை ஒப்பிட அது நல்ல அளவுகோல்.

"மேக்கு பாத்த ஜன்னல். ஸ்க்ரீன் போட்டாச்சு, இன்னும் சூடா இருக்கே?"

ஸ்க்ரீன் கண்ணாடிக்கு உள்ளே இருந்தால் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாயிற்று. நாலுக்கு நாலு கண்ணாடி வழியாகச் சாயங்கால வெயில் நேரே விழுந்தால் ஐந்தாறு பேர் கூடுதலாக அறையில் உட்கார்ந்திருக்கிற அளவு வெப்பம் வரும். மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் தொங்கவிடுங்கள். அதுவும் முடியாது என்றால் அரை டன் கூட்டுங்கள். மேலே மொட்டை மாடி, பக்கத்தில் மேற்கு ஜன்னல் இரண்டும் சேர்ந்த அறை என்றால் ஏசி வாங்குவதற்கு முன்பே தட்டி வாங்கிவிடுங்கள்.

"கல்யாணம், படைப்புன்னா பங்காளிக எல்லாரும் வருவாக. ஒரே ரூம்ல பத்துப் பேர் படுப்போம். அதுக்குத் தக்கனப் போடவா?"

சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் விடும். எட்டுப் பேர் கூடினால் 800 வாட், கிட்டத்தட்ட கால் டன். தூங்கும்போது அதைவிடக் குறைவு. ஆளைவிட, கதவை நொடிக்கொரு தரம் திறந்து மூடுவதுதான் அதிகம் கெடுக்கும். வருஷத்தில் நாலு நாளைக்காகப் பெரிய ஏசி போட்டால் மீதி நாளெல்லாம் பிசுபிசுப்புதான். அன்றைக்கு மட்டும் மதியத்திலிருந்தே ஓடவிட்டுச் சுவரைக் குளிரவைத்துவிடுங்கள். வீட்டை விருந்தினர் விடுதியாக விடுகிறவர்கள் விஷயம் வேறு. தினமும் ஆள் மாறும், வருகிறவர் வெயிலில் சுற்றிவிட்டு வந்து உடனே குளிரக் கேட்பார். அங்கே அரை டன் கூட்டிப் போடுவது நியாயம்.

"வளவுக்கு மேல ஷீட் போட்டு மூடிட்டு, பட்டாசாலையோட சேத்து ஏசி பண்ண முடியுமா?"

தயவு செய்து வேண்டாம். பட்டாசாலையும் (வளவை ஒட்டிய கூடம்) சுற்றுக்கட்டும் சேர்த்தால் ஆயிரம் சதுர அடிக்கு மேல் போகும். எத்தனை டன் போட்டாலும் ஓட்டுக் கூரை இடுக்கிலும் கதவுகளிலும் கசியும். அதைவிட முக்கியம், வளவுதான் அந்த வீட்டைக் குளிர வைக்கிறது. சூடான காற்று திறந்த வானத்துக்கு ஏறிப் போக, முகப்பிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் காற்று உள்ளே வரும். மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டால் வெயில் உள்ளே வந்து வெளியே போக வழியில்லாமல் தேங்கும். இதுவரை ஏசி தேவைப்படாத பட்டாசாலைக்கும் ஏசி தேவைப்பட ஆரம்பித்துவிடும். படுக்கிற அறை ஒன்றோ இரண்டோ தேர்ந்தெடுத்து, இடுக்கை அடைத்து, அதற்கு மட்டும் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் வளவுக் காற்றும் மற்ற இடத்தைப் பார்த்துக்கொள்ளும்.

"பதினொண்ணுக்கு இருபத்திரண்டு, நீள ஹால். ஒரு ரெண்டு டன்னா, ரெண்டு ஒரு டன்னா?"

இரண்டு ஒரு டன். ஒரே யூனிட்டை ஒரு கோடியில் மாட்டினால் அந்தப் பக்கம் ஜில்லென்றும் மறுகோடி வெக்கையாகவும் இருக்கும். இரண்டாக இருந்தால் ஆள் இருக்கிற பக்கம் மட்டும் ஓட்டலாம், ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கிறது. மாட்டுகிற கூலி மட்டும் இரண்டு தடவை.

"அவுட்டோர் யூனிட்டை வளவுப் பக்கம் வச்சா தெரியாம இருக்கும்ல?"

அறைக்குள்ளிருந்து எடுத்த சூட்டையெல்லாம் வளவில் கொட்டுவதாகும். சூடு அங்கேயே சுற்ற, ஏசியே அந்தச் சூட்டுக்காற்றை மறுபடி இழுக்கும், திறன் இறங்கும். முகப்பிலும் வேண்டாம், வீட்டின் அழகு போய்விடும். பின்கட்டுக்கு வெளிப்புறம், வடக்குச் சுவர், நிழலுள்ள மாடி ஆகியவை நல்ல இடங்கள். பைப் பொதுவாக மூன்று மீட்டர் பெட்டியோடு வரும். அதற்கு மேல் நீளும்போது செலவும் கூடும், கேஸும் கூட்ட வேண்டும், திறனும் கொஞ்சம் குறையும். பத்து மீட்டருக்கு மேல் போகிற இடம் என்றால் வேறு இடம் தேடுவது நல்லது.

இரண்டடிச் சுவரில் துளை போட நீளமான கோர் பிட் (வட்டமாக அறுத்துத் துளைக்கிற டிரில் முனை) உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். சுத்தியலும் உளியும் கொண்டு வந்தால் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். முட்டை வெள்ளைக் கரு சேர்த்து மெருகேற்றிய அந்தப் பூச்சைத் திரும்பச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு. துளை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

"டன் கூடினா பில் எவ்வளவு ஏறும்? ராத்திரி வோல்டேஜும் இறங்குதே?"

சரியான அளவில் போட்ட 1.5 டன் ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர், அறை அடங்கிய பிறகு மணிக்கு அரை யூனிட்டிலிருந்து முக்கால் யூனிட் வரை எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு ஐந்து யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் மாறுகிறது. ஏசி வாங்குமுன் பழைய பில்லை எடுத்துப் பார்த்து, இந்த 300-ஐக் கூட்டிப் பாருங்கள். ரிமோட்டில் ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பின் கணக்கு. 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட்டுவது பழகிவிட்டால் நல்ல தூக்கம் வரும்.

வோல்டேஜ் எதுவரை தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். உங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து, பெட்டியில் போட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் மட்டும் ஸ்டெபிலைசர் வாங்குங்கள். பழைய வீட்டு வயரில் மட்டும் மாட்டாதீர்கள். 1.5 டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி (கரண்டு அளவுக்கு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்), நல்ல எர்த் மூன்றும் வேண்டும்.

"மெட்ராஸ் பிளாட்டுல நல்லாக் குளிர்ந்த ஏசி. இங்க கொண்டாந்து மாட்டினா குளிரவே இல்லை. என்னதான் ஆச்சு?"

இரண்டு காரணம் இருக்கலாம். அந்த பிளாட் நடுமாடியாக இருந்திருக்கும், மேலும் கீழும் பக்கத்திலும் வேறு வீடு. வெயில் பட்டது ஒரு சுவரில் மட்டும். இங்கே மொட்டை மாடி அறை என்றால் அங்கே போதுமாக இருந்த டன் பத்தாது, அல்லது எப்போதாவது திறக்கிற வளவு அறை என்றால் சுவர் குளிர நேரம் கொடுக்க வேண்டும். மற்றொரு காரணம், கழற்றி மாட்டும்போது பைப் முனையில் கசிந்து கேஸ் போயிருப்பது.

எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஃபில்டரைக் கழுவி மாட்டி, 24-இல் வைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒரு சின்ன தெர்மாமீட்டரை ஏசி காற்றை உள்ளிழுக்கும் மேல்பக்கத்திலும், வெளியே விடும் வாயிலும் வைத்துப் பாருங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. ராத்திரி ஒன்பதுக்குக் குளிராமல் விடியற்காலை மூன்று மணிக்குக் குளிர்கிறது என்றால் தளமும் சுவரும்தான் காரணம், அப்போது சுண்ணாம்பு, தட்டி, இடுக்கு என்று மேலே சொன்னதைச் செய்துவிட்டுப் பிறகு டன்னைப் பற்றி யோசியுங்கள். வித்தியாசம் நாலைந்து டிகிரிதான் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவரிடம், முதலில் முனைகளில் சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.